துவைத்த நீரில் மிதப்பது என்ன?

அழுக்குத் துணியைத் துவைத்து, நீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டால் வேலை முடிந்தது என்றே நாம் எண்ணுகிறோம். அந்நீரோடு செல்வன அழுக்கும் சோப்பும் மட்டும்தாமா? நம் ஆடையின் ஒரு சிறு பகுதியும் உடன் செல்கிறது. கண்ணுக்கு எளிதில் புலனாகாத நுண்ணிழைகளாக அது ஆற்றைக் கடந்து கடலை அடைகிறது. இவ்வுண்மை எவ்வாறு வெளிப்பட்டது, இதன் காரணம் யாது, இதனை அளப்பது எங்ஙனம் என்பவற்றை இல்லறத்தார் அறிந்திருத்தல் நலம்.

2004-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிளைமத் பல்கலைக்கழக விஞ்ஞானி ரிச்சர்டு தாம்ப்சனும் அவர்தம் குழுவினரும், கடற்கரை மணலில் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களும் இழைகளும் கலந்திருக்கக் கண்டனர். இவை எங்கிருந்து வந்தன? 2011-இல் மார்க் பிரவுன் தலைமையிலான குழு ஆறு கண்டங்களில் 18 கரைகளின் மணலைச் சோதித்தது. அங்குக் கிடைத்த இழைகளில் பாலியெஸ்டரும் அக்ரிலிக்கும் மிகுந்திருந்தன. கழிவுநீரில் கிடைத்த இழைகளும் அவ்வாறே இருந்தன. ஆடைகளை இயந்திரத்தில் துவைத்துப் பார்த்தபோது, ஓர் ஆடை ஒரு சலவையில் 1,900-க்கும் மேற்பட்ட இழைகளை உதிர்க்கக்கூடும் எனத் தெரிந்தது. கடற்கரையில் தொடங்கிய காலடித் தடம் நம் வீட்டு வாசலில் வந்து நின்றது!

2016-இல் பிளைமத் ஆராய்ச்சியாளர்கள், 6 கிலோ அக்ரிலிக் துணியைத் துவைத்தால் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உதிரலாம் எனக் கணக்கிட்டனர். முன்னது ஓர் ஆடைக்கு. பின்னது முழுச் சுமைக்கு. அதனோடு, துணியின் வகை, நீரின் அளவு, வடிகட்டியின் துளை, எண்ணிய முறை ஆகியனவும் ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகின்றன. ஆளுக்கொரு படியை வைத்துக்கொண்டு நெல் அளந்தால் கணக்கு ஒத்துவருமா? அளவு ஒன்றாக இல்லாதவரை, 'உன் துணியே மிகுதியாக உதிர்க்கிறது' என்று எந்த ஆலையையும் சுட்டிக்காட்ட இயலாது.

ஆகவே பொதுவான பரிசோதனை முறைகள் வகுக்கப்பட்டன. துணியைக் குறித்த அளவில் வெட்டி, ஓரம் பிரியாதவாறு அடைத்து, எஃகுக் குண்டுகளோடும் நீரோடும் சிறு கலத்திலிட்டுச் சுழற்றுகின்றனர். முன்னரே உலர்த்தி எடையிட்ட வடிதாளில் அந்நீரை வடிக்கின்றனர். தாளை மீண்டும் உலர்த்தி நிறுத்தால், கூடிய எடையே உதிர்ந்த இழையின் எடை. கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. ஆராய்ச்சியாளரின் சட்டையே காற்றில் இழைகளை உதிர்க்குமன்றோ! அதனால் துணியே இடாத வெற்றுக் கலத்தையும் உடன் சுழற்றி, அதில் சேர்ந்ததைக் கழிக்கின்றனர். இத்தகைய சோதனைக்கு 2023-இல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு ஒரு தரமுறையையும் வெளியிட்டது.

இனி, காரணத்துக்கு வருவோம். குட்டையான இழைகளை இலேசாக முறுக்கி நூற்ற நூல் எளிதில் உதிர்க்கும். மென்மைக்காகத் துணியின் மேற்பரப்பைச் சுரண்டிப் பஞ்சுபோல் எழுப்பினால் உதிர்தல் மேலும் கூடும். நீண்ட தொடரிழையை இறுக நெய்த துணி குறைவாகவே உதிர்க்கும். புதுத்துணி முதற்சில சலவைகளில்தான் மிகுதியாக உதிர்க்கிறது. நோயின் வேர் பெரும்பாலும் ஆலையிலேயே இருப்பது இதனால் தெளிவாகிறது.

ஓர் எச்சரிக்கையும் இங்குத் தேவை. 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், உலகின் பல கடல்களிலிருந்து எடுத்த 916 நீர் மாதிரிகளைச் சோதித்தனர். வகை கண்டறியப்பட்ட இழைகளில் செயற்கை இழை ஏறத்தாழ 8 விழுக்காடே; எஞ்சியவற்றுள் பெரும்பங்கு பருத்தி போன்ற தாவர வகையைச் சேர்ந்தது. எனவே கண்ணில்பட்ட ஒவ்வோர் இழையையும் பிளாஸ்டிக் என்று கூறுதல் நேர்மையாகாது. சாயமும் இரசாயனமும் ஏற்றிய பருத்தியும் ஆராயப்பட வேண்டியதே.

கழிவுநீரைச் சுத்திகரித்தால் போதாதா? ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றங்கரை நிலையமொன்று நுண்பிளாஸ்டிக்கில் 98 விழுக்காட்டுக்கு மேல் நீக்கியது. எனினும் நாள்தோறும் சுமார் 6½ கோடித் துகள்கள் ஆற்றில் கலப்பதாக 2016-இல் மதிப்பிட்டனர்.

வீட்டில் நாம் செய்யக்கூடியது என்ன? 2020-இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார், 40 பாகை வெப்பத்தில் 85 நிமிடம் துவைப்பதைவிட 25 பாகையில் 30 நிமிடம் துவைத்தால் உதிர்தல் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவதைக் கண்டனர். இயந்திரத்தில் துணி குறைவாகவும் நீர் மிகுதியாகவும் இருப்பது நன்றன்று. கையால் துவைத்தால் இழை குறைவாகவே உதிரும். ஆயினும் பலகையில் அழுத்தித் தேய்த்தால் கூடும்.

எல்லாவற்றிலும் எளிய வழி ஒன்றுண்டு: இருக்கும் ஆடையை நெடுநாள் உடுத்துதல். தேவையின்றி வாங்காத ஒரு புதுத்துணி, ஓர் இழையையும் கடலுக்கு அனுப்புவதில்லை.