சீதன வீடும் உள்ளக வடிவமைப்பும்: நிந்தவூர்ப் பகுதியை முன்னிறுத்திய ஒரு நோக்கு

வீட்டின் உள்ளமைப்பினை அழகியல் சார்ந்த விடயமாக மாத்திரம் நோக்கும் போக்கு நம்மிடையே வலுப்பெற்று வருகின்றது. பழைய தூண் ஒன்றினையோ செதுக்குக் கதவொன்றினையோ கொணர்ந்து புதிய சீமெந்து வீட்டில் நிறுத்திவிட்டால் மரபும் நவீனமும் இணைந்துவிட்டன எனக் கருதப்படுகின்றது. ஆயின், ஒரு சமூகத்தின் வீட்டு மரபு தூண்களில் மட்டும் உறைவதன்று. வீடு யாருடையது, யார் எவ்விடத்தில் உறங்குவது, விருந்தினர் எதுவரை வருவது என்னும் வினாக்களுக்கு அச்சமூகம் கண்ட விடைகளிலேயே அது பெரிதும் உறைகின்றது. கல்முனைக்குத் தெற்கே காரைதீவை அடுத்துள்ள நிந்தவூரையும் அதனையொத்த கரையோர முஸ்லிம் ஊர்களையும் முன்னிறுத்தி இக்கருத்தினை விளக்க முயல்வோம்.

கலப்பு என்பது இப்பகுதிக்குப் புதியதன்று. நமது அன்றாட மொழியே இதற்குச் சான்று. விறாந்தை, யன்னல், குசினி, மேசை, கதிரை, அலுமாரி ஆகிய சொற்கள் யாவும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. இவற்றை நீக்கிவிட்டு ஈழத்துத் தமிழ் பேசுவோரின் வீடொன்றினை விவரித்தல் அரிது. எனினும், இப்பொருள்கள் வந்தமர்ந்த வீடு தனக்கென ஓர் ஒழுங்கினை ஏற்கெனவே கொண்டிருந்தது. கதிரை முன்புறத்தே ஆண் விருந்தினர்க்குரியதாக, உட்புறம் பெண்களுக்கும் பன்பாய்க்கும் உரியதாகவே பெரும்பாலும் நீடித்தது. புதிய பொருள் பழைய ஒழுங்கினுள் தனக்கோர் இடம் தேடிக்கொண்டது என்பதே ஈண்டுக் கவனிக்கத்தக்கது.

இவ்வொழுங்கின் சமூக அடிப்படை யாது? மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில், தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும், தாய்வழிக் குடிமுறையும் மணமகன் மணமகளின் வீட்டிற்குச் சென்று வாழும் வழக்கமும் நெடுங்காலம் நிலவி வந்துள்ளன. மகளுக்கு மணம் செய்விக்கும்போது வீடு சீதனமாக அளிக்கப்படுகின்றது. அடுத்த மகளுக்கான வீடு பெரும்பாலும் அதே வளவிலோ அண்மையிலோ எழுகின்றது. பெற்றோர் சில காலம் மணமக்களுடன் வாழ்ந்து, பின்னர் வேறொரு வீட்டிற்கோ வளவின் பின்புறத்துச் சிறு குடிலுக்கோ பெயர்கின்றனர். ஆகவே இங்கு வீடென்பது ஒரே தடவையில் நிறைவுறும் பொருளன்று. தலைமுறையோடு வளர்வதும் பிரிவதுமாகிய ஓர் அமைப்பு. தாயும் மகளும் சகோதரிகளும் கிணற்றடியையும் குசினி வாயிலையும் பகிர்ந்துகொள்வதற்கு ஏற்றதாகவே வீட்டின் பின்புறம் அமைந்தது.

கட்டடப் பொருள்களின் மாற்றம் இவ்வமைப்பினைப் பாதித்தது. களிமண் சுவரும் கிடுகுக் கூரையும் கச்சான் காற்றின் வெம்மையைத் தணித்தன; ஆனால் புயலைத் தாங்கவில்லை. 1978 நவம்பரில் கிழக்கைத் தாக்கிய சூறாவளி இதனை ஐயத்திற்கிடமின்றி உணர்த்திற்று. அதே காலப்பகுதியில் தொடங்கிய மத்திய கிழக்குத் தொழில்வாய்ப்பு, கல்வீட்டினைப் பலருக்கும் எட்டக்கூடியதாக்கிற்று. மண் வீட்டை விட்டு நீங்கியோரை மரபினை மறந்தோர் எனப் பழித்தல் நியாயமன்று. பாதுகாப்பினை நாடுவது மக்களின் உரிமை. குறை எங்குள்ளதெனின், சீமெந்துடன் நகரத்து வீட்டுப் படமும் சேர்ந்து வந்தமையிலேயே உள்ளது. விறாந்தை சுருங்கியது, முகட்டு ஓடு நீங்கித் தட்டைக் கூரை வந்த இடங்களில் வெப்பம் பெருகியது, பன்பாய்க்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் பாய் விரிந்தது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இவ்வினாவை மேலும் கூர்மையாக்கிற்று. இலங்கையில் உயிரிழப்பு மிக அதிகமாக நிகழ்ந்த மாவட்டம் அம்பாறையே. வடக்கு, கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டுதல் முதலில் தடைசெய்யப்பட்டது. அவ்வெல்லை பின்னர் தளர்த்தப்பட்டது. நன்கொடை வீடுகளுக்கு 500 சதுர அடி அளவு வகுக்கப்பட்டது. அளவு வகுக்கப்பட்டதேயன்றி, வீட்டின் உட்பொருள் சிந்திக்கப்படவில்லை. தனித்தனிக் காணியில் நிரையாக நிற்கும் வீட்டில் இரண்டாம் மகளுக்குரிய இடம் எங்கே? இதனினும் பாரதூரமானது, வீட்டுரிமை பல இடங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்னும் பெயரில் ஆணுக்கு எழுதப்பட்டமையாகும். தாய்வழியாகப் பெண்கள் அனுபவித்துவந்த உரிமை இவ்வாறு ஒரு படிவத்தின் வரியினால் பறிபோனது. வரைபடமும் படிவமும் சமூக நடுநிலையானவை அல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வேறு வழி இந்நாட்டிலேயே காட்டப்பட்டுள்ளது. ஜெப்ரி பாவா கொழும்பிலுள்ள தமது இல்லத்தில் செட்டிநாட்டுத் தூண்களை நிறுவினார். அவரது சிறப்பு அத்தூண்களிலன்று, முற்றத்தினூடாக ஒளியையும் காற்றையும் உள்ளே கொணர்ந்த திட்டத்திலேயே உள்ளது. அவரைப் பின்பற்றுவோர் பலர் தூணை எடுத்துக்கொண்டு முற்றத்தை விட்டுவிட்டனர். மினற் டி சில்வாவோ இன்னும் ஒரு படி சென்றார். தும்பறை நெசவினையும் அரக்கு வேலையினையும் நவீன வீட்டின் உறுப்புகளாக்கிய அவர், 1950களின் பிற்பகுதியில் கண்டி வத்தப்புளுவவில் அரசாங்க ஊழியர்க்கான வீடமைப்பினைத் திட்டமிட்டபோது, பல்வேறு இனத்தவரும் சமயத்தவருமாகிய குடியிருப்பாளர்களிடம் அவர்தம் வாழ்க்கை முறையையும் தேவைகளையும் முன்கூட்டியே கேட்டறிந்தார். கேட்டபின் வரைதல் என்னும் இம்முறையே நமக்கு வேண்டியது.

நிந்தவூர்க் குடும்பமொன்றிடம் அவ்வாறு கேட்டு வரையப்படும் வீடு எத்தகையதாக இருத்தல் கூடும்? சூறாவளியைத் தாங்கும் சீமெந்துச் சட்டகமும், அதன்மேல் வெம்மையைத் தணிக்கும் ஓட்டுக் கூரையும் அதற்கு இருக்கும். அகன்ற விறாந்தை வரவேற்பிடமாகும். பின்புறச் சுவர் அடுத்த அறைக்கு இடமளிக்கும் வகையில் முன்னரே திட்டமிடப்படும். குசினி, புகை வெளியேறுவதற்கும் இருவர் மூவர் கூடியிருந்து வேலை செய்வதற்கும் ஏற்ற அளவினதாகும். மருதமுனைக் கைத்தறித் துணி திரைச்சீலையாகும். பன்பாய் சுவரில் தொங்கும் காட்சிப் பொருளாகாது, தரையிலே பயன்படும். பாய் பின்னும் பெண்ணுக்கு உரிய விலை கிடைக்காதவிடத்து, அவளது பின்னலை ‘பண்பாட்டு மரபு’ எனப் போற்றுதல் வெறும் சொல்லலங்காரமேயாகும்.

மரபினை முழுமையாகப் போற்றுவதும் எமது நோக்கமன்று. சீதன வீடு பெண்ணுக்கு உரிமையையும் காப்பினையும் அளித்துள்ளது. அதுவே பெற்றோரைக் கடனிலும், சகோதரரை நீண்ட உழைப்பிலும், சில வேளை தாயையே அயல்நாட்டு வீட்டுப் பணியிலும் தள்ளியுமுள்ளது. வீட்டின் பகட்டு உயருந்தோறும் இச்சுமையும் உயர்கின்றது. எனவே, படிப்படியாகக் கட்டக்கூடிய, உள்ளூர்ப் பொருளாலும் உள்ளூர்த் தொழிலாலும் அமையும் எளிய வீட்டிற்கு மதிப்பினை மீட்டளித்தல் ஓர் அழகியற் பணி மாத்திரமன்று, சமூகப் பணியுமாகும். பெண்ணின் வீட்டுரிமையைப் பேணி, அவ்வுரிமைக்கு அவளது குடும்பம் செலுத்தும் விலையைக் குறைக்கும் வடிவமைப்பே இப்பகுதியின் மரபுக்கும் நவீனத்திற்கும் ஒருங்கே பொருந்துவதாகும்.