அமெரிக்கச் சாலைகளில் ஐரோப்பியச் சிறு மகிழுந்துகள்

ஒரு நாட்டு மக்கள் விரும்பி வாங்கும் பொருள், மற்றொரு நாட்டுக் கடையில் விலைபோகாமல் கிடப்பதுண்டு. உணவுக்கும் உடைக்கும் பொருந்தும் இவ்வுண்மை, கார் என்று பேச்சில் வழங்கும் மகிழுந்துக்கும் பொருந்தும். ஐரோப்பிய நகரங்களில் எங்கு நோக்கினும் சிறு மகிழுந்துகள் ஓடுகின்றன. அவற்றையே கப்பலேற்றி அமெரிக்காவில் விற்க ஐரோப்பிய நிறுவனங்கள் 1949ஆம் ஆண்டு முதல் மீண்டும் மீண்டும் முயன்றுள்ளன. அவற்றுள் ஒன்று பெரும்புகழ் பெற்றது. ஓரிரண்டு ஓரளவு நிலைத்தன. மற்றவை நட்டத்துடன் திரும்பின. வென்றவை ஏன் வென்றன, தோற்றவை ஏன் தோற்றன என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

சாலையும் வரியும்

ஐரோப்பாவின் பழைய நகரங்கள் குதிரை வண்டிக் காலத்தில் உருவானவை. ரோம், லிஸ்பன் போன்ற நகரங்களின் உட்பகுதியில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நின்றே வழிவிட வேண்டிய தெருக்கள் இன்றும் உள்ளன. வண்டியை நிறுத்த இடம் கிடைப்பதோ அதனினும் அரிது. இத்தாலியின் ஃபியட் நிறுவனம் 1957இல் வெளியிட்ட ஃபியட் 500 என்னும் மகிழுந்தின் நீளம் 3 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. அத்தெருக்களுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை போன்றது.

இரண்டாவது காரணம் வரி. பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கொடுக்கும் விலையில் ஏறக்குறைய பாதி, சில வேளைகளில் பாதிக்கும் மேல், வரியாக அரசைச் சேர்கிறது. சில நாடுகளில் எஞ்சினின் அளவையோ அது வெளியிடும் புகையையோ கணக்கிட்டு ஆண்டு வரியும் பெறுகின்றனர். எனவே சிறிய எஞ்சினும் குறைந்த எடையும் உடைய வண்டியே நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்றது.

அமெரிக்காவின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே நடுவண் அரசு பெட்ரோலுக்கு விதிக்கும் வரி ஒரு கேலனுக்கு 18.4 சென்ட். ஒரு கேலன் என்பது ஏறத்தாழ 3.8 லிட்டர், அதாவது லிட்டருக்கு 5 சென்ட் மட்டுமே. 1993ஆம் ஆண்டு முதல் இவ்வரி உயர்த்தப்படவில்லை. மாநில வரியைச் சேர்த்தாலும் ஐரோப்பாவின் அளவுக்கு வருவதில்லை. 1956இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ஏறத்தாழ 41,000 மைல் நீளத்துக்கு மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகள் திட்டமிடப்பட்டன. நகருக்கு வெளியே தோட்டத்துடன் கூடிய வீடு, வீட்டோடு வண்டிக் கொட்டகை, அங்காடிக்கு முன் பரந்த நிறுத்துமிடம் என்று வாழ்க்கையே மகிழுந்தைச் சுற்றி அமைந்தது. அந்நாளைய அமெரிக்க மகிழுந்துகளும் அதற்கேற்பப் பெருத்தன. 1959ஆம் ஆண்டின் காடிலாக், வால்பகுதியில் மீன்துடுப்புப் போன்ற அலங்காரத்துடன், 5.7 மீட்டர் நீளம் இருந்தது. ஃபியட் 500 வகையில் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் அதைவிடச் சற்றே நீளும்.

வண்டு வென்ற வரலாறு

இத்தகைய நாட்டில் 1949இல் ஒரு ஜெர்மானிய மகிழுந்து வந்திறங்கியது. ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த அதன் பெயர் ஃபோக்ஸ்வாகன். 'மக்கள் வண்டி' என்பது அதன் பொருள். வட்டமான முதுகு கொண்டிருந்ததால் மக்கள் அதை வண்டு என்றே அழைத்தனர். போர் முடிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஹிட்லரின் ஆட்சியில் பிறந்த வண்டியை அமெரிக்கர் வாங்குவரா என்று பலரும் ஐயுற்றனர். ஐயம் முதலில் மெய்யாயிற்று. அவ்வாண்டில் விற்பனையான வண்டுகள் இரண்டே இரண்டு!

1968ஆம் ஆண்டிலோ, ஓராண்டில் மட்டும் 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டுகள் அமெரிக்காவில் விற்றன. இடையில் நிகழ்ந்தது என்ன?

வண்டின் எஞ்சின் பின்புறத்தில் இருந்தது; காற்றினால் குளிர்ந்தது. எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டாத வண்டிக்குக் கோடையில் கொதிக்கும் தொல்லையும் இல்லை, பனிக்காலத்தில் உறையும் தொல்லையும் இல்லை. விலை 1950களின் இறுதியில் ஏறத்தாழ 1,500 டாலர். அமெரிக்க நிறுவனங்கள் ஆண்டுதோறும் வண்டியின் உருவத்தை மாற்றி, சென்ற ஆண்டு வாங்கியவரைப் பழமையானவராக்கிக் கொண்டிருந்தன. வண்டு தன் உருவத்தை மாற்றவில்லை. உள்ளிருக்கும் பாகங்கள் மட்டும் சிறுகச் சிறுகத் திருத்தம் பெற்றன.

இவை எல்லாம் சேர்ந்தும் வண்டுக்கு வெற்றி தேடித் தந்திருக்குமா என்பது ஐயமே. நிறுவனம் செய்த மற்றொரு செயல்தான் முதன்மையானது எனலாம். பழுது பார்க்கும் பணிமனை, பயிற்சி பெற்ற பணியாளர், போதிய உதிரிப் பாகங்கள் ஆகிய மூன்றும் உள்ள முகவருக்கே வண்டியை விற்கும் உரிமையை அது அளித்தது. ஊர் பேர் தெரியாத அயல்நாட்டு வண்டியை வாங்குபவர் மனத்தில் எழும் முதல் அச்சம், 'பழுதானால் எங்கே போவது?' என்பதே. அவ்வச்சத்தை முதலில் நீக்கிய பிறகே நிறுவனம் விற்பனையைப் பெருக்கியது.

1959இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு விளம்பர நிறுவனம் வண்டுக்காகத் தொடங்கிய விளம்பரங்கள், இன்றளவும் விளம்பரக் கலை பயில்வோருக்குப் பாடமாக உள்ளன. பெரிய வெண்பக்கத்தின் ஒரு மூலையில் மிகச் சிறியதாக வண்டின் படம். கீழே, சிறியதாக இருப்பதால் வரும் நன்மைகளைச் சொல்லும் சில வரிகள். குறை என்று பிறர் சொன்னதை மறைக்காமல் முன்னிறுத்திய அத்துணிவு வாங்குவோரைக் கவர்ந்தது. 1972 பிப்ரவரியில் உலக அளவில் வண்டுகளின் எண்ணிக்கை 1 கோடியே 50 இலட்சத்தைக் கடந்து, ஃபோர்டு நிறுவனத்தின் 'டி' வகை மகிழுந்து படைத்திருந்த சாதனையை முறியடித்தது.

திரும்பிச் சென்றவை

வண்டின் வெற்றியைக் கண்டு பிரான்சின் ரெனோ நிறுவனம் தன் டோஃபீன் மகிழுந்தை அனுப்பியது. அழகிய வண்டி அது. 1959இல் ஏறத்தாழ 1 இலட்சம் விற்றது. ஆனால் மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட அதற்கு 30 நொடிக்கும் மேல் தேவைப்பட்டது. பாரிஸ் தெருவில் இது குறையாகாது. பெருஞ்சாலையில் நுழையும்போது, பின்னால் விரைந்து வரும் சரக்குந்துக்கு முன் 30 நொடி என்பது நெடுங்காலம். அமெரிக்காவின் வடமாநிலங்களில் பனியை உருக்கச் சாலையில் உப்பு தூவுவது வழக்கம். அவ்வுப்பு டோஃபீனின் இரும்பை அரித்தது. உதிரிப் பாகங்களும் எளிதில் கிடைக்கவில்லை. இதற்கிடையே அமெரிக்க நிறுவனங்களும் ஃபால்கன், கார்வேர், வேலியன்ட் என்று அளவிற் குறைந்த மகிழுந்துகளை வெளியிட்டன. டோஃபீனின் விற்பனை ஏறிய வேகத்திலேயே இறங்கியது.

பிரிட்டனின் மினி 1959இல் பிறந்தது. 1956இல் சூயஸ் கால்வாய்ச் சிக்கலால் ஏற்பட்ட பெட்ரோல் தட்டுப்பாடே அது தோன்றக் காரணம். அலெக் இசிகோனிஸ் என்பவர் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, ஏறத்தாழ 3 மீட்டர் நீளத்துக்குள் நால்வர் அமர இடம் கண்டார். இன்று உலகில் ஓடும் பெரும்பாலான சிறு மகிழுந்துகள் இந்த அமைப்பையே பின்பற்றுகின்றன. அத்தகைய சிறந்த வண்டியும் அமெரிக்காவில் 1967உடன் விடைபெற்றது. 1968இல் நடப்புக்கு வந்த பாதுகாப்பு விதிகளுக்கும் புகை விதிகளுக்கும் ஏற்ப அதை மாற்றியமைக்கும் செலவை, விற்ற சிறு எண்ணிக்கை ஈடுசெய்யாது என்று நிறுவனம் கருதியது. இன்றும் இத்தடை நீடிக்கிறது. ஐரோப்பிய விதிகளும் அமெரிக்க விதிகளும் ஒன்றல்ல. முகப்பு விளக்கிலிருந்து மோதல் சோதனை வரை பலவற்றைத் தனியே செய்ய வேண்டும். விலையுயர்ந்த பெரிய வண்டி இச்செலவைத் தாங்கும். மலிவான சிறிய வண்டி தாங்குவது கடினம்.

மும்பையில் வாழும் மாணவர்களின் பெற்றோர், கறுப்பும் மஞ்சளுமாக ஓடிய பிரீமியர் பத்மினி வாடகை மகிழுந்துகளை மறந்திருக்கமாட்டார்கள். அது ஃபியட் 1100 என்னும் இத்தாலிய மகிழுந்தின் இந்திய வடிவம். இங்கே பல்லாண்டுகள் உழைத்த அதே ஃபியட்டின் பெயர், அமெரிக்காவில் துருப்பிடிப்பதற்கும் அடிக்கடி பழுதாவதற்கும் அடையாளமாகி, 1980களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் அந்நாட்டைவிட்டு வெளியேறியது. 1985இல் யுகோஸ்லாவியாவிலிருந்து யூகோ என்னும் சிறு மகிழுந்து வந்தது. விலை 3,990 டாலர். அந்நாளில் அங்கு கிடைத்த புதிய மகிழுந்துகளுள் மிக மலிவானது. சில ஆண்டுகளில் அது நகைச்சுவைத் துணுக்குகளின் பொருளாகி மறைந்தது.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் தர மறுத்தன. பெட்ரோல் நிலையங்களில் நெடிய வரிசைகள் தோன்றின. ஐரோப்பியச் சிறு மகிழுந்துகளுக்கு அதுவே பொற்காலமாக அமைந்திருக்க வேண்டும். வாய்ப்பைப் பற்றிக்கொண்டவர்களோ ஜப்பானியர். டொயோட்டா நிறுவனம் 1950களின் இறுதியில் அனுப்பிய முதல் மகிழுந்து அமெரிக்கப் பெருஞ்சாலையில் திணறித் தோற்றது. அந்நிறுவனம் வண்டியைத் திரும்பப் பெற்று, அமெரிக்கச் சாலைக்கு ஏற்ற வண்டியைச் செய்துகொண்டு மீண்டும் வந்தது. கொரோலாவும், ஹோண்டாவின் சிவிக்கும் பழுதின்றி நெடுநாள் ஓடின. சிறிய வண்டியை அமெரிக்கர் வெறுக்கின்றனர் என்னும் கூற்று முழு உண்மையன்று என்பதற்கு இவ்விரண்டும் சான்று. தம் ஊருக்காகச் செய்ததை அப்படியே அனுப்பியவர்களே தோற்றனர்.

மோதலும் எடையும்

சிறு மகிழுந்தை மறுக்கும் அமெரிக்கத் தாய் தந்தையரிடம் கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் விடை 'பாதுகாப்பு' என்பதே. இதை வெறும் அச்சம் என்று ஒதுக்க இயலாது.

ஜெர்மனியின் டைம்லர் நிறுவனத்தின் ஸ்மார்ட் ஃபோர்டூ, இருவர் மட்டும் அமரும் மகிழுந்து. நீளம் ஏறத்தாழ 2.7 மீட்டர். அது 2008 ஜனவரியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அவ்வாண்டின் நடுவில் பெட்ரோல் விலை கேலனுக்கு 4 டாலரைக் கடந்தது. ஸ்மார்ட்டின் விற்பனையும் ஓராண்டில் 24,000ஐக் கடந்தது. அசையாத தடுப்பில் மோதவிட்டுச் சோதித்தபோது அது நல்ல மதிப்பெண் பெற்றது. 2009இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் வேறொரு சோதனையை நடத்தியது. ஸ்மார்ட்டையும் அதே குழுமத்தின் மெர்சிடிஸ் சி வகை மகிழுந்தையும் மணிக்கு 40 மைல் வேகத்தில் ஒன்றோடொன்று மோதச் செய்தது. இம்முறை ஸ்மார்ட் மிகத் தாழ்ந்த மதிப்பீட்டையே பெற்றது. ஓட்டுநரிடத்தில் மனிதர் இருந்திருந்தால் கடும் காயம் அடைந்திருப்பார். வண்டியின் கட்டமைப்பு நன்றே. ஆனால் எடை மிக்கதும் எடை குறைந்ததும் மோதும்போது, குறைந்ததே அதிக வேக மாற்றத்துக்கு உள்ளாகும் என்பது இயற்பியல் விதி. அறிவியல் பாடத்தில் உந்தம் பற்றிப் படித்த மாணவர்கள் இதை எளிதில் உணர்வர்.

இங்கே ஓர் இக்கட்டு உள்ளது. தம் பிள்ளைகளைக் காக்க ஒருவர் பெரிய வண்டி வாங்குகிறார். அதனால் பக்கத்தில் செல்லும் சிறிய வண்டியிலுள்ள பிள்ளைகளுக்கு ஆபத்து மிகுகிறது. அவர்தம் பெற்றோரும் அடுத்த முறை பெரிய வண்டியே வாங்குகின்றனர். எவரையும் குறைகூற முடியாத இப்போட்டியில் சாலை முழுவதும் பெரிய வண்டிகளால் நிறைகிறது.

சட்டமும் இதற்குத் துணைபோயிற்று. எரிபொருள் சிக்கனத்துக்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், சிறு சரக்கு வண்டிகளுக்கு மகிழுந்தைவிடத் தளர்ந்த விதிகள் வகுக்கப்பட்டன. எஸ்.யு.வி. எனப்படும் உயரமான குடும்ப வண்டிகள் பெரும்பாலும் சரக்கு வண்டிப் பிரிவிலேயே சேர்ந்தன. மேலும் 1964 முதல் இறக்குமதிச் சரக்கு வண்டிகளுக்கு 25 விழுக்காடு வரி உண்டு. இவ்வரியின் தோற்றம் வேடிக்கையானது. அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பிய நாடுகள் வரியை உயர்த்தியதற்குப் பதிலடியாக விதிக்கப்பட்டது அது. அதனால் 'கோழி வரி' என்பதே அதன் வழக்குப் பெயர். போட்டியின்றி இலாபம் தரும் சரக்கு வண்டிகளையும் எஸ்.யு.வி.களையும் அமெரிக்க நிறுவனங்கள் பெருக்கியதில் வியப்பில்லை.

ஸ்மார்ட்டின் விற்பனை பின்னர் சரிந்தது. 2019இல் அது அமெரிக்காவைவிட்டு வெளியேறியது. ஃபியட் 500இன் புதிய வடிவம் 2011இல் பெரும் ஆரவாரத்துடன் வந்தது. முதலாண்டில் 50,000 விற்க எண்ணி, 20,000ஐயும் எட்டவில்லை. அடுத்த ஆண்டு 43,000க்கும் மேல் விற்றது. 2014இன் இறுதியில் பெட்ரோல் விலை வீழ்ந்தபோது அவ்வேற்றமும் நின்றது.

நிலைத்து நின்றது மினி. பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் கைக்கு மாறி, உருவில் சற்றுப் பெருத்து, 2002இல் அது அமெரிக்காவுக்குத் திரும்பியது. அதை மலிவான வண்டி என்று எவரும் சொல்லவில்லை. விரும்பிய வண்ணம், கூரையில் பிரிட்டன் கொடி, விரைந்து வளையும் ஓட்டம் என்று தனித்தன்மையை நாடுவோருக்காகவே அது விற்கப்பட்டது. பலருக்கு அது வீட்டின் இரண்டாவது வண்டி. சிறுமையைச் சிக்கனமாக விற்றவர்கள் பெட்ரோல் விலையோடு ஏறி இறங்கினர். அதை விருப்பமாக விற்றவருக்கு அத்தொல்லை குறைவு.

மறைமலைநகரிலிருந்து

2018 ஏப்ரலில் ஃபோர்டு நிறுவனம், ஃபியெஸ்டா உள்ளிட்ட தன் சாதாரண மகிழுந்துகளை அமெரிக்காவில் கைவிடப் போவதாக அறிவித்தது. ஃபியெஸ்டா ஐரோப்பாவில் பெரிதும் விரும்பப்பட்ட சிறு மகிழுந்து. அதே 2018இல் அந்நிறுவனம் அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய எக்கோஸ்போர்ட் என்னும் வண்டி, சென்னையை அடுத்த மறைமலைநகரில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் கையால் உருவானது. அதன் நீளம் ஏறத்தாழ 4.1 மீட்டர், ஃபியெஸ்டாவை ஒத்த அளவுதான். ஆனால் தரையிலிருந்து உயர்ந்து, எஸ்.யு.வி.யின் தோற்றத்துடன் இருந்தது. 2019இல் அமெரிக்கர் 60,000க்கும் மேற்பட்ட எக்கோஸ்போர்ட்டுகளை வாங்கினர். குட்டையாக இருந்தபோது வேண்டாம் என்ற அளவை, நிமிர்ந்து நின்றபோது அவர்கள் ஏற்றுக்கொண்டனர். 2021இல் ஃபோர்டு இந்தியாவில் மகிழுந்து தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஏற்றுமதிக்கான எஞ்சிய வண்டிகளையும் முடித்து அனுப்பியபின், 2022இல் மறைமலைநகர் ஆலையில் மகிழுந்து தயாரிப்பு நின்றது.