விழுந்த இடம் ஒன்று, அடிபட்ட இடம் வேறு

மெயில் சர்வர் கிராஷ் ஆனால் பெரும்பாலும் ஊருக்குத் தெரியாது. எக்ஸிம் போன்ற சர்வர்களில் வரும் ஒவ்வொரு இணைப்புக்கும் தாய் புராசஸ் ஒரு சேயைப் பிரித்துவிடும். சேய் செத்தாலும் தாய் அடுத்த இணைப்பை வாங்கிக்கொண்டே இருக்கும். லாக்கில் மட்டும் 'செக்ஃபால்ட்' என்று ஒரு வரி கிடக்கும்.

துப்புத் துலக்க 'கோர்' கோப்பு வேண்டும். நிரல் சாகும் கணத்தில் அதன் மெமரி எப்படி இருந்ததோ, அதன் நகல் அது. எக்ஸிம் போல ரூட் உரிமையை ஏற்று ஓடும் நிரல்களுக்கு லினக்ஸ் வழக்கமாக இதை எழுதாது. மெமரியில் ரகசியங்கள் இருக்கலாமே. நாம்தான் அனுமதி தர வேண்டும். பிறகு ஜிடிபி டிபக்கரில் கோரைத் திறந்து 'பிடி' என்று தட்டினால், எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசை வந்து நிற்கும். புதியவர்கள் முதல் வரியையே குற்றவாளி என்று பிடித்துக்கொள்வார்கள். மெமரி சிதைந்த வழக்குகளில் அது பிணம் கிடந்த இடம் மட்டுமே.

'கோஸ்ட்' என்ற பிழையைப் பாருங்கள். கணினிப் பெயரை முகவரியாக்கும் ஒரு ஃபங்ஷன் ஜிலிப்சி லைப்ரரியில் உண்டு. எண்களும் புள்ளிகளும் மட்டுமே கொண்ட பெயர் வந்தால், நான்கு பொருள்களை ஒரே இடத்தில் அடுக்கும். ஆனால் இடம் போதுமா என்று கணக்கிடும் வரியில் மூன்றைத்தான் கூட்டியிருந்தார்கள். விடுபட்டது ஒரு பாயின்டர். 64 பிட் கணினியில் வெறும் 8 பைட். அந்த 8 பைட் பக்கத்து மெமரியின் மேல் ஏறிவிடும். எக்ஸிமோடு பேச வருபவர் முதலில் 'ஹீலோ' சொல்லித் தன் பெயரைத் தர வேண்டும். அதைச் சரிபார்க்கும் அமைப்பு இருந்து, பெயருக்குப் பதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூஜ்ஜியங்கள் வந்தால் போதும். சிதைந்த துண்டைப் பிறகு யார் தொடுகிறார்களோ, அவர்கள் பெயரில் கிராஷ் பதிவாகும். எக்ஸிமின் கோடை எத்தனை முறை புரட்டினாலும் பிழை அங்கே இல்லை.

வால்கிரைண்ட், அட்ரஸ் சானிட்டைசர் போன்ற கருவிகள் இதற்காகவே வந்தவை: எல்லை மீறி எழுதும் அந்த நொடியிலேயே கையைப் பிடிக்கப் பார்க்கும். கோஸ்ட் சிக்கியது அப்படியல்ல. குவாலிஸ் நிறுவனத்தார் கோடை உட்கார்ந்து படித்துக் கண்டுபிடித்து, 2015 ஜனவரியில் எக்ஸிமை வைத்தே நிரூபித்துக் காட்டினார்கள். பிழை நுழைந்ததோ 2000 நவம்பரில் வந்த ஜிலிப்சி 2.2 பதிப்பில். வேடிக்கை என்னவென்றால், 2013 மே மாதமே அது திருத்தப்பட்டுவிட்டது. சாதாரணப் பிழை என்று நினைத்துவிட்டதால், டெபியன் 7, உபுண்டு 12.04 போன்ற நிலையான பதிப்புகளுக்குத் திருத்தம் அப்போது போய்ச் சேரவில்லை.