மூவார் சில்லுக்குள் ஓர் எலெக்ட்ரோன்

மாணவர்களே, படிவம் 4 இரசாயனப் பாடத்தில் அணுவின் அமைப்பு வந்ததும் பலரும் செய்வது ஒன்றுதான்: 2.8.1, 2.8.2, 2.8.3 என்று எண்களை மனப்பாடம் செய்வது. தேர்வுக்கு அது போதலாம். ஆனால், அந்தக் கடைசி எண் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் என்ன ஆகும் என்பதை அறிய நம் ஜொகூர் மாநிலத்தின் மூவார் நகரத்தைப் பாருங்கள்.

அங்குள்ள தஞ்சோங் அகாஸ் தொழிற்பேட்டையில் எஸ்.டி. மைக்ரோஎலெக்ட்ரோனிக்ஸ் நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. 1970-களிலிருந்து இயங்கும் இந்த ஆலையில், மின் சில்லுகள் உறையிடப்பட்டுச் சோதிக்கப்படுகின்றன. 2021 ஆகஸ்டில் கோவிட் தொற்றால் இங்கு வேலை தடைபட்டபோது, கார் தயாரிப்பாளர்களின் சில்லுத் தட்டுப்பாடு மேலும் மோசமானது. விரல் நுனியில் அடங்கும் ஒரு துண்டு சிலிக்கோனுக்காகக் கார்கள் காத்துக் கிடந்தன. அந்தச் சிலிக்கோனில் அப்படி என்ன இருக்கிறது?

அணுவுக்குள் யார் யார்?

ஒரு சிலிக்கோன் அணுவின் நடுவே அணுக்கரு உள்ளது. அதில் நேர்மின்னூட்டம் கொண்ட 14 புரோட்டோன்களும், மின்னூட்டமே இல்லாத நியூட்ரோன்களும் நெருக்கமாக இருக்கின்றன. வெளியே எதிர்மின்னூட்டம் கொண்ட 14 எலெக்ட்ரோன்கள். ஒரு புரோட்டோனின் நிறை, ஓர் எலெக்ட்ரோனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1,836 மடங்கு. ஆகவே, அணுவின் எடை முழுவதும் கிட்டத்தட்ட கருவில்தான்.

இடமோ எலெக்ட்ரோன்களுக்கே சொந்தம். இஸ்கண்டார் புத்ரியிலுள்ள சுல்தான் இப்ராஹிம் அரங்கின் நடுவே ஒரு கோலிக்குண்டை வையுங்கள். அதை அணுக்கரு என்று கொண்டால், எலெக்ட்ரோன்களின் எல்லை அரங்கின் வெளிச்சுவர் வரை பரவியிருக்கும்.

அந்த எலெக்ட்ரோன்கள் கூடு கூடாக அமைந்துள்ளன. முதல் கூட்டில் 2, இரண்டாவதில் 8. மீதமுள்ள 4 மூன்றாவது கூட்டில். எனவே சிலிக்கோன் 2.8.4. பாடநூலில் இவற்றை வட்டங்களாக வரைகிறோம். 1913-இல் நீல்ஸ் போர் தந்த படம் அது. உண்மையில் எலெக்ட்ரோன்கள் கோள்களைப்போல் ஒரே பாதையில் சுற்றுவதில்லை. கருவைச் சூழ்ந்த மேகம்போல் பரவியுள்ளன. ஆயினும், எந்தக் கூட்டில் எத்தனை என்ற கணக்கு மாறுவதில்லை.

நான்கு கைகள், ஐந்தாவது கை

வெளிக்கூட்டிலுள்ள 4 எலெக்ட்ரோன்களை நான்கு கைகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சிலிக்கோன் படிகத்தில் ஒவ்வோர் அணுவும் அண்டையிலுள்ள நான்கு அணுக்களோடு கைகோத்து நிற்கிறது. பகிர்ந்துகொண்ட எலெக்ட்ரோன்களையும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் எட்டு கிடைத்துவிடுகிறது. எல்லாக் கைகளும் பிடிபட்டுவிட்டதால், மின்சாரத்தைச் சுமந்து ஓட அநேகமாக யாரும் மிச்சமில்லை. தூய சிலிக்கோன் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்துவது இதனால்தான்.

இப்போது ஒரு சிலிக்கோனை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் பாஸ்பரஸ் அணு ஒன்றை வைப்போம். அதற்கு 15 எலெக்ட்ரோன்கள், 2.8.5. நான்கு கைகள் அண்டை அணுக்களைப் பிடித்துக்கொள்ளும். ஐந்தாவதற்கு வேலை இல்லை. அறை வெப்பமே அதை விடுவித்துவிடும். படிகத்தில் அது உலாவத் தொடங்கும், மின்சாரம் பாயும்.

போரோனை வைத்தால் கதை வேறு. அதன் அமைப்பு 2.3. ஒரு கை குறைவதால் ஒரு காலியிடம் உண்டாகிறது. பக்கத்து எலெக்ட்ரோன் அதில் வந்து அமர, அது இருந்த இடம் காலியாகிறது. இப்படிக் காலியிடம் நகர்வதும் மின்னோட்டமே. பாஸ்பரஸ் கலந்த பகுதியையும் போரோன் கலந்த பகுதியையும் ஒட்டி அமைத்தால், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோட் கிடைக்கிறது. கூலாயிலும் செடெனாக்கிலும் எழுந்துள்ள தரவு மையங்களின் கணினிகள் அனைத்தும் இந்த இரண்டு வகைச் சிலிக்கோனால்தான் இயங்குகின்றன.

எவ்வளவு கலக்க வேண்டும்? பத்து மில்லியன் சிலிக்கோன் அணுக்களுக்கு ஒரு பாஸ்பரஸ் அணு போதும். மலேசிய மக்கள் அத்தனை பேரிலும் மூன்று பேரை மட்டும் மாற்றியதற்கு அது சமம்! அந்த அளவே சிலிக்கோனின் கடத்தும் திறனை நூறாயிரம் மடங்குக்கும் மேல் உயர்த்திவிடும். இந்தக் கலப்பு மூவாரில் நடப்பதில்லை. சில்லுத் தகடுகள் செய்யும் ஆலைகளில் நடக்கிறது. மலேசியாவில் அத்தகைய ஆலைகள் கெடா கூலிமிலும் சரவாக் கூச்சிங்கிலும் உள்ளன.

நியூட்ரோன் செய்யும் மாயம்

"மின்னூட்டமே இல்லாத நியூட்ரோனால் என்ன பயன்?" என்று நீங்கள் கேட்கலாம். இயற்கைச் சிலிக்கோனில் சுமார் 3 விழுக்காடு சிலிக்கோன்-30: 14 புரோட்டோன், 16 நியூட்ரோன். அணு உலையில் இது இன்னொரு நியூட்ரோனை விழுங்கினால் சிலிக்கோன்-31 ஆகும். அது நிலையற்றது, அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 2.6 மணி நேரம். அதன் நியூட்ரோன்களில் ஒன்று, ஓர் எலெக்ட்ரோனை வெளியே வீசிவிட்டுப் புரோட்டோனாக மாறும். இப்போது புரோட்டோன்கள் 15. அதாவது, சிலிக்கோனாக இருந்த அணு பாஸ்பரஸாகிவிட்டது!

வெளியிலிருந்து பாஸ்பரஸைக் கலக்காமல், படிகம் முழுவதும் சீராக அதை உண்டாக்கும் வழி இது. மிகை மின்னழுத்தத்தைத் தாங்கும் சாதனங்களுக்கு அந்தச் சீர்மை அவசியம். ஆஸ்திரேலியாவில் சிட்னி அருகேயுள்ள ஓபல் அணு உலையில் சிலிக்கோன் படிகங்கள் இவ்வாறு பதப்படுத்தப்படுகின்றன.

ஒன்றைக் கவனித்தீர்களா? புரோட்டோன் எண்ணிக்கை, அது எந்தத் தனிமம் என்பதைச் சொல்கிறது. நியூட்ரோன் எண்ணிக்கை, அது எந்த ஐசோடோப்பு என்பதைச் சொல்கிறது. வெளிக்கூட்டு எலெக்ட்ரோன், அது பிற அணுக்களோடு எப்படிப் பழகும் என்பதைச் சொல்கிறது. இந்த மூன்றும் புரிந்துவிட்டால், மனப்பாடத்தின் சுமை பாதி குறையும்.

முயன்று பாருங்கள்

1947-இல் செய்யப்பட்ட முதல் டிரான்சிஸ்டரில் சிலிக்கோன் இல்லை, ஜெர்மேனியம் இருந்தது. அதன் அணு எண் 32. மூன்றாவது கூடு 18 எலெக்ட்ரோன்கள் வரை ஏற்கும் என்பதை நினைவில் கொண்டு, அதன் எலெக்ட்ரோன் அமைப்பை எழுதுங்கள். கடைசி எண்ணைப் பார்த்ததும், சிலிக்கோன் செய்யும் வேலையை அதனாலும் ஏன் செய்ய முடிந்தது என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.