ஈற்றில் வளரும் சதை: வெட்டினால் மட்டும் போதுமா?

மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கு நடுவே பட்டாணி அளவில் சிவந்த சதை. தொட்டால் வலிக்காது. பிரஷ் பட்டதும் ரத்தம் கசியும், துப்பினால் நுரை சிவந்திருக்கும். பத்து வயதிலிருந்து இருபதுகள் வரை உள்ள பிள்ளைகளிடம், அதிலும் பெண் பிள்ளைகளிடம், இப்படிப்பட்ட ஈற்றுக் கட்டிகளைப் பல் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். கண்டதும் வீட்டில் உள்ளவர்கள் ஒன்று, சூட்டுக் கட்டி, தானே அமுங்கிவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். அல்லது கேன்சராக இருக்குமோ என்று கலங்கிப்போகிறார்கள். இந்த வயதில் வரும் ஈற்றுக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அதற்காக அப்படியே விட்டுவிடவும் கூடாது, வெறுமனே வெட்டிவிட்டு மறந்துவிடவும் கூடாது. கட்டியை எடுப்பது, அது வளரக் காரணமானதை நீக்குவது, எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது சிகிச்சை.

காரணத்தைப் பார்த்தால் இது புரியும். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் கெட்டிப்பட்ட காறை, உடைந்த சொத்தைப் பல்லின் கூர்முனை, கோணலாக முளைத்த பல், கிளிப்பின் உரசல் என்று ஏதோ ஒன்று ஈற்றை நாள்தோறும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. உடம்பு அந்தப் புண்ணை ஆற்றப் பார்க்கிறது. ஆற்றும் வேலை அளவு மீறிப் போய்ச் சதையாகத் திரள்கிறது. பருவ வயது ஹார்மோன்கள் இதைத் தூண்டிவிடுகின்றன. இப்படி வருவதிலும் வகைகள் உண்டு. ரத்தக் குழாய்கள் மண்டி எளிதில் ரத்தம் வருவது பயோஜெனிக் கிரானுலோமா. உள்ளே எலும்புத் துணுக்குகள் உருவாகிக் கெட்டியாக இருப்பது ஆசிஃபையிங் ஃபைப்ரோமா. இன்னொன்று ஜயன்ட் செல் கிரானுலோமா. வாயைத் திறந்து பார்த்தால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

‘வெட்டினாலும் திரும்ப வளரத்தானே செய்கிறது, பிறகு எதற்கு வெட்ட வேண்டும்?’ என்பது நியாயமான கேள்வி. ஆசிஃபையிங் ஃபைப்ரோமா நூற்றுக்கு எட்டு முதல் இருபது பேருக்குத் திரும்ப வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் மேலே துருத்தும் சதையை மட்டும் சீவிவிட்டு அடியையும் காறையையும் விட்டுவைத்தால் அது திரும்பி வரும் வாய்ப்பு கூடுகிறது. முறையாகச் செய்யும் மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டு, எலும்பை மூடியிருக்கும் மெல்லிய உறை வரை போய்க் கட்டியை அடியோடு எடுப்பார். பிறகு பக்கத்துப் பற்களின் வேர்ப்புறத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்வார். சிறிய கட்டி என்றால் பெரும்பாலும் மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை. பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்ற பேச்சும் உண்டு. காறை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த பல், காறை போனதும் ஆடுவதுபோலத் தோன்றும். பிடிமானத்தைக் கெடுத்தது அந்தக் காறைதான்.

எல்லாக் கட்டிக்கும் கத்தி வேண்டியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு நிலைப்பல் முளைக்கும் இடத்தில் நீலம் பாய்ந்த மெத்தென்ற வீக்கம் வந்தால், பல் வெளியே வந்ததும் அது பெரும்பாலும் தானே போய்விடும். சொத்தைப் பல்லின் அருகே சீழ்க்கொப்புளம் வந்தால் வைத்தியம் பார்க்க வேண்டியது அந்தப் பல்லுக்கு. வலிப்புக்கு எப்டாயின் மாத்திரை சாப்பிடும் பிள்ளைகளுக்கு ஈறு முழுவதுமே தடித்து வளரலாம். 1939-லேயே மருத்துவ உலகம் இதைப் பதிவு செய்துவிட்டது. அதற்காகப் பெற்றோர் தாங்களாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அது உயிருக்கே ஆபத்து. மாற்று மருந்து உண்டா என்று வலிப்புக்குப் பார்க்கும் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். ஈறு வீங்கி, பிள்ளை வெளுத்து, காய்ச்சலும் உடம்பில் கன்றிய தடங்களும் சேர்ந்து வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ரத்தப் புற்றுநோய் இப்படித் தலைகாட்டுவதுண்டு.

சாதாரணக் கட்டி என்று மருத்துவரே சொன்ன பிறகு பரிசோதனைச் செலவு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கண்ணால் பார்த்துச் சொல்வது ஊகம்தான். ஜயன்ட் செல் வகை என்று முடிவு வந்தால் ரத்தத்தில் கால்சியம் பார்க்க வேண்டிவரலாம். ஆசிஃபையிங் ஃபைப்ரோமா என்றால் கூடுதல் காலம் கண்காணிக்க வேண்டும். அரிதாக வேறு நோய் இருந்தாலும் அந்தப் பரிசோதனையில்தான் தெரியவரும். இதற்காகத் தேனி மாவட்டத்துக்காரர்கள் மதுரைக்கு ஓட வேண்டும் என்பதில்லை. அதே மாவட்டத்தில் க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியிலேயே நோய்க்குறியியல் துறை இருக்கிறது.

கூலி வேலைக் குடும்பங்களின் சிரமம் மட்டும் எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல. விடியுமுன் ஜீப் ஏறிக் கம்பம் மெட்டு வழியாக இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குப் போகும் தாய்க்கு, பிள்ளையைக் கம்பம் பக்கத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் தாண்டித் தேனிக்கு அழைத்துப் போவது ஒரு நாள் கூலி இழப்பு. மறுபரிசோதனைக்கு வராமல் போவதை அலட்சியம் என்று திட்டுவது சரியல்ல. 2013-இல் தொடங்கிய சிறார் நலப் பரிசோதனைத் திட்டம் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கே வந்து பார்க்கிறது. பல் நோய்களும் அதன் பட்டியலில் உண்டு. அங்கே வரும் மருத்துவக் குழு ஒவ்வொரு பிள்ளையின் உதட்டையும் தூக்கி ஈற்றைப் பார்த்தால், கட்டி பட்டாணியாக இருக்கும்போதே பிடித்துவிடலாம். ஆசிரியர்களும் பெற்றோரும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் பிள்ளைக்குக் கட்டியை எடுத்திருந்தால், பரிசோதனை முடிவுத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.