ஒரு வாரமும் ஒரு ஜலதோஷமும்

திருச்சபையின் வழிபாட்டு ஆண்டில் திருவருகைக் காலம், தவக்காலம், பாஸ்காக் காலம் என்று சிறப்பான காலங்கள் உண்டு. அவற்றைக் கழித்தால் எஞ்சி நிற்பவை 33 அல்லது 34 வாரங்கள். இவற்றிற்குப் 'பொதுக்காலம்' என்று பெயர். குருவானவர் பச்சை உடை அணிந்து திருப்பலி நிறைவேற்றும் காலம் அது. ஆண்டின் பெரும்பகுதி இதுவே.

நம் இல்லங்களின் கதையும் இத்தகையதே. திருமணமும் திருமுழுக்கும் தேர்த்திருவிழாவும் சில நாட்களே. மற்றவை எல்லாம் பொதுக்காலம். வேலை, பள்ளி, இரவுச் செபமாலை, ஒரு மணி நேரப் பொழுதுபோக்கு, ஞாயிறு திருப்பலி, இடையில் வீட்டில் யாரேனும் ஒருவருக்கு ஜலதோஷம். இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். ஆயினும், நற்செய்தியாளரான மாற்கு இத்தகைய ஒரு நாளை எழுதத் தகுந்ததென்றே கருதினார்.

அவருடைய நற்செய்தியின் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். ஓய்வுநாளன்று கப்பர்நாகூம் செபக்கூடத்தில் போதித்த ஆண்டவர், அங்கிருந்து நேரே சீமோன் இராயப்பரின் வீட்டிற்குச் செல்கிறார். அங்கே சீமோனின் மாமியார் காய்ச்சலாய்ப் படுத்திருக்கிறார். ஆண்டவர் அருகில் சென்று கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். செபக்கூடத்திலிருந்து நோயாளியின் பாய்க்குச் செல்ல நெடுந்தூரமில்லை. இதுவே நம் வாரத்திற்கும் வழிகாட்டி.

உழைப்பும் ஓய்வும்

பச்சைமலை அடிவாரத்திலுள்ள அரும்பாவூரை எடுத்துக்கொள்வோம். இவ்வூரின் மரச்சிற்பக் கலைக்கு 2020-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அரும்பாவூரிலும் அருகிலுள்ள தழுதாழையிலும் பல குடும்பங்கள் இத்தொழிலால் வாழ்கின்றன. வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில், பெரும்பாலும் ஒரே துண்டில், சிலைகளும் தேர்ச் சிற்பங்களும் உருவாகின்றன. வாரம் முழுவதும் உளியோசை கேட்கும் ஊர் அது.

அச்சிற்பிகள் அறிந்த உண்மை ஒன்றுண்டு. வெட்டிய மரத்தை உடனே செதுக்கலாகாது. ஈரம் காயாத மரம் பின்னர் வெடித்துவிடும். நிழலில் கிடந்து, மெல்ல உலர்ந்து, பதமான பிறகே அது உளிக்குத் தகுதி பெறுகிறது. கிடக்கும் அந்தக் காலம் வீணானதன்று. வேலையின் ஒரு பகுதியே ஆகும்.

மனிதனுக்கும் இது பொருந்தும். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு ஞாயிறு கடமையைக் கூறுமிடத்தில் திருப்பலியோடு நின்றுவிடவில்லை. மனத்திற்கும் உடலுக்கும் உரிய இளைப்பாற்றியைத் தடுக்கும் வேலைகளை அன்று விலக்க வேண்டும் என்றும் பணிக்கிறது. ஆகவே ஓய்வு சோம்பேறித்தனமன்று, அது கடமை. பொழுதுபோக்கும் இவ்வகையில் அடங்கும்.

பிள்ளைகள் படம் வரைந்தால், மரத்துண்டில் பொம்மை செதுக்கினால், "படிப்பு கெட்டுவிடும்" என்று பெற்றோர் அதட்டுகிறார்கள். ஞாயிறு மாலையிலும் தனிப்பயிற்சி வகுப்பிற்கு அனுப்புகிறார்கள். மதிப்பெண் வேண்டியதுதான். ஆனால் தானாக விரும்பி ஒன்றைச் செய்து முடித்த மகிழ்ச்சியை அறியாமல் வளரும் பிள்ளை, பின்னாளில் ஓய்வு கிடைத்தாலும் அதை என்ன செய்வதென்று அறியாமல் கைப்பேசிக்கு இரையாகிறது. இத்தாலியின் தூரின் நகரத்து இளைஞர் பியர் ஜார்ஜோ பிரசாத்தி மலையேறுவதில் மிகுந்த நாட்டம் கொண்டவர். ஏழைகளைத் தேடிச் சென்று உதவியவரும் அவரே. 1925-இல் 24 வயதிலேயே இறந்த அவருக்கு, 2025 செப்டம்பர் 7 அன்று திருச்சபை புனிதர் பட்டம் அளித்தது. மலையேற்றம் அவருடைய புனிதத்திற்குத் தடையாயிருக்கவில்லை.

செலவில்லாத பொழுதுபோக்கும் நம் பகுதியில் உண்டு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடற்கரை ஓரமாயிருந்த இந்நிலத்தில் புதையுண்டு கல்லாகிப்போன மரம் அது. 1940-இல் நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் இதை உலகிற்கு அறிவித்தார். ஒரு ஞாயிறு மாலை பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். அந்த மரத்தைப் பற்றி அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடை தேடுவதே ஒரு நல்ல பொழுதுபோக்காகும். ஆனால் அங்குள்ள கற்களை எடுத்து வரலாகாது.

மூக்கு ஒழுகும் நாட்கள்

இத்தகைய வாரத்தின் நடுவில் ஜலதோஷம் நுழைகிறது. மழையில் நனைந்ததால் வந்தது என்போம். இங்கிலாந்தில் சால்ஸ்பரி நகருக்கருகே 1946-இல் ஜலதோஷ ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது இயங்கியது. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் பத்து நாள் அங்கே தங்கி, புத்தகம் படித்தும் உலாவியும் பொழுதைக் கழித்து, தங்கள் மூக்கில் கிருமிகளைச் செலுத்த இசைந்தார்கள். ஈர உடையோடு குளிரில் நிற்கவைத்தும் சோதித்தார்கள். குளிர் மட்டுமே ஜலதோஷத்தை உண்டாக்கும் என்று அங்கே நிறுவ இயலவில்லை. அதை அடியோடு போக்கும் மருந்தும் கிடைக்கவில்லை.

ஜலதோஷத்தைத் தருபவை வைரஸ் என்னும் நுண்கிருமிகள். அவற்றில் 200-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஆகவேதான் ஒருமுறை வந்தவருக்கு மறுமுறையும் வருகிறது. பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாட்களில் தானாகவே குணமாகிவிடும். ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் பாக்டீரியாவைக் கொல்லுமேயன்றி வைரஸை ஒன்றும் செய்யா. மருந்துக் கடையில் தாமாகவே கேட்டு வாங்கி இரண்டு நாள் விழுங்குபவர்கள், உண்மையான ஆபத்து வரும் நாளில் அம்மருந்து பயன்படாமற்போக வழிசெய்கிறார்கள். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-இல் நோபல் பரிசு பெற்றபோதே இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டினார்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் நச்சுப் பொருள் கலந்த இருமல் மருந்தைக் குடித்து இருபது குழந்தைகளேனும் மாண்டார்கள். இரண்டு வயதிற்குட்பட்டவர்களுக்குச் சளி, இருமல் மருந்துகளைக் கொடுக்கலாகாது என்றும், ஐந்து வயதிற்குட்பட்டவர்களுக்கும் பொதுவாக அவை ஏற்றவையல்ல என்றும் அவ்வாண்டு அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. அன்போடு வாங்கி வரும் மருந்தே பிள்ளைக்கு ஆபத்தாகலாம் என்பதைப் பெற்றோர் மறக்கலாகாது.

வேண்டியவை எளியவை. ஓய்வு, வெதுவெதுப்பான நீர், மிளகு ரசம், கஞ்சி. ஒரு வயது நிறைந்த பிள்ளைக்கு இருமலுக்குச் சிறிது தேன் தரலாம். அதற்கு முன் தேன் கூடாது. நொச்சித் தழையிட்டு ஆவி பிடிப்பது நம் வழக்கம். கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவதுண்டு. ஆகவே அவர்களுக்கு அது வேண்டாம். தும்மும்போது துணியால் மூடுவதும், சோப்பிட்டுக் கை கழுவுவதும் மற்றவர்களைக் காக்கும். மூச்சுத் திணறல், மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல் ஆகியவை தோன்றினால் தாமதியாமல் மருத்துவரிடம் செல்க. மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அன்றே செல்க. மரத்தூள் பறக்கும் பட்டறையில் உழைப்பவர்களுக்கு வாரக்கணக்கில் தும்மல் நீடித்தால் அது ஜலதோஷமாயிராது, தூசியால் வரும் ஒவ்வாமையாயிருக்கலாம். மூக்கை மூடிக்கொண்டு வேலை செய்வதும் மருத்துவரைக் காண்பதும் நன்று.

அம்மாவுக்கு யார் கஞ்சி வைப்பது?

அப்பாவுக்குச் சளி பிடித்தால் வீடே அடங்கி நடக்கிறது. பிள்ளைக்குப் பிடித்தால் பள்ளிக்கு விடுமுறை. அம்மாவுக்குப் பிடித்தால்? விடியற்காலையில் வாசல் தெளிக்கிறாள், இருமிக்கொண்டே அடுப்பு மூட்டுகிறாள், எல்லாருக்கும் ரசம் வைத்துவிட்டு ஆறிப்போனதைத் தான் குடிக்கிறாள். அவளுக்கு நோய் கண்டதையே மற்றவர்கள் கவனிப்பதில்லை.

சீமோனின் மாமியார் எழுந்து அவர்களுக்குப் பணிவிடை செய்தாள் என்ற வாக்கியத்தைச் சிலர் தங்களுக்கு வசதியாக எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு முந்திய வாக்கியங்களை அவர்கள் கவனிப்பதில்லை. முதலில் வீட்டார் அவளைப் பற்றி ஆண்டவரிடம் சொன்னார்கள். பின்னர் அவர் அருகில் சென்றார். கையைப் பிடித்தார். காய்ச்சல் அவளை விட்டு நீங்கியது. அதற்குப் பிறகே பணிவிடை. நோயோடு கிடப்பவளை அடுப்படிக்குத் துரத்த நற்செய்தியில் இடமில்லை.

குடும்பத் தலைவர்களே, அந்த நாட்களில் நீங்கள் கஞ்சி வையுங்கள். பிள்ளைகள் பாத்திரம் கழுவட்டும். நாசரேத்தின் தச்சராகிய புனித சூசையப்பர் பேசிய சொல் ஒன்றுகூட நற்செய்தியில் இல்லை. எழுந்தார், தாயையும் பிள்ளையையும் கூட்டிச் சென்றார் என்று அவர் செய்தவைகளே உள்ளன. கொள்ளிடக்கரை ஏலாக்குறிச்சியில் திருப்பணி ஆற்றிய வீரமாமுனிவர், 3,615 பாடல்களைக் கொண்ட தேம்பாவணிக்கு அந்தத் தச்சரையே தலைவராக்கினார். அதிகம் பேசாமல், வேண்டியதைச் செய்யும் ஆடவர் ஒவ்வொரு வீட்டிற்கும் தேவை.

ஞாயிறு வரும்போது

ஞாயிறன்று நோயாளி கோவிலுக்கு வர வேண்டுமா? "பூசை தவறினால் பாவமல்லவா?" என்று முதியவர்கள் கலங்குகிறார்கள். நோயும், பச்சிளங்குழந்தையைப் பராமரிக்கும் பொறுப்பும் தகுந்த காரணங்களே என்று 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் தெளிவாகக் கூறுகிறது. காய்ச்சலோடு வந்து நெருக்கமான பெஞ்சில் இருமுவதைக் காட்டிலும், வீட்டிலிருப்பதே பிறரன்பு. லேசான தும்மலோடு வருகிறவர்கள், சமாதானம் கூறும்போது கைகூப்பி வணங்கினாலே போதும். அது நம் நாட்டின் அழகிய வழக்கமும் ஆகும்.

ஆனால் ஒன்று செய்யலாம். திருப்பலி முடிந்து வீடு திரும்புகிறவர், உடை மாற்றுவதற்கு முன், படுத்திருப்பவர் அருகில் சிறிது நேரம் உட்காரட்டும். அன்றைய நற்செய்தியை அவருக்கு வாசித்துக் காட்டட்டும். நெற்றியில் கை வைத்துப் பார்க்கட்டும். "கஞ்சி சூடாக இருக்கிறது, குடியுங்கள்" என்று ஒரு சொல் சொல்லட்டும். கப்பர்நாகூமில் ஆண்டவர் நடந்த பாதையும் அதுவே.