மோட்டார் சைக்கிளுக்கு எச்சரிக்கை மணி: தேர்வும் பொருத்துதலும்

திருவனந்தபுரம் தம்பானூரிலுள்ள மத்திய ரயில் நிலையத்தருகே காலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, நாகர்கோவிலுக்கோ கொல்லத்துக்கோ வேலைக்குச் சென்று, மாலையில் திரும்புவோர் பலர். சென்னைக்கோ அதற்கப்பாலோ செல்வோர் வாகனத்தைப் பல நாட்கள் அங்கேயே விட்டுச் செல்வதும் உண்டு. ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு ஒரு சிறு பூட்டின் பாதுகாப்பில் நிற்கிறது. இத்தகையோர் எச்சரிக்கை மணி ஒன்றைப் பொருத்திக்கொள்ள விரும்புவது இயல்பே. ஆனால் தக்கதைத் தேர்ந்தெடுக்காமலும் முறைப்படி பொருத்தாமலும் விட்டால், அதே மணி பாட்டரியை வற்றச் செய்யும். அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்கும். சில சமயங்களில் ஓட்டுபவரின் உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

மணியின் தொழில் யாது?

எச்சரிக்கை மணி திருட்டைத் தடுக்கும் கருவி அன்று. திருட்டைப் பிறருக்கு அறிவிக்கும் கருவியேயாகும். வாகனத்தை உண்மையில் பிடித்து நிறுத்துபவை கைப்பிடிப் பூட்டும், சக்கரத்தின் டிஸ்க்கிலோ சங்கிலியிலோ இடும் தனிப் பூட்டுமே. பூட்டை உடைக்கச் சில நிமிடங்கள் தேவைப்படும். அந்நிமிடங்களில் பிறர் கவனத்தை அங்கே திருப்புவது மணியின் பணி. பூட்டில்லாத வாகனத்தில் மணிக்குப் பயன் குறைவு. யாரும் கேட்க முடியாத இடத்தில் நிறுத்தப்பட்ட வாகனத்துக்கும் அவ்வாறே.

மின்சாரத்தால் இயங்கும் திருட்டு எச்சரிக்கை மணிக்கு 1853-இல் அமெரிக்காவைச் சேர்ந்த அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் என்பவர் காப்புரிமை பெற்றார். கதவோ ஜன்னலோ திறக்கப்படும்போது மின்சுற்று நிறைவுற்று, மின்காந்தம் மணியை அடிக்கும் அமைப்பு அது. மோட்டார் சைக்கிளுக்கோ கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. எனவே வாகனத்தின் அசைவையே அடையாளமாகக் கொள்ள வேண்டியதாகிறது.

அசைவை அறியும் முறை

மலிவான மணிகளில் அதிர்வை உணரும் சிறு வில்லோ, அழுத்தத்தால் மின்சாரம் தோற்றுவிக்கும் தகடோ இருக்கும். வாகனத்தைத் தட்டினால் இவை உணரும். ஆனால் மெதுவாக நிமிர்த்தித் தள்ளிச் சென்றால் உணராமற் போகலாம். உயர்ந்த வகைகளில் முடுக்கமானி என்னும் நுண்கருவி உள்ளது. சிலிக்கனில் செதுக்கப்பட்ட மிகச் சிறிய எடை ஒன்று, சிலிக்கனாலேயே ஆன மெல்லிய விற்களில் தொங்குகிறது. வாகனம் அசையும்போது அவ்வெடை சற்றே விலகும். அதற்கும் அருகிலுள்ள தகடுகளுக்கும் இடையே மின்தேக்குத் திறன் மாறும். அம்மாற்றத்தைச் சில்லு அளந்துகொள்ளும்.

முடுக்கமானி திருவனந்தபுரத்துக்குப் புதியதன்று. இந்நகரின் வட்டியூர்க்காவில் உள்ள இஸ்ரோவின் நிலைமச் சாதனப் பிரிவு, ராக்கெட்டுகளுக்கும் செயற்கைக் கோள்களுக்கும் வேண்டிய சுழல்காட்டிகளையும் முடுக்கமானிகளையும் உருவாக்கி வருகிறது. முடுக்கத்தை அளந்து, அதிலிருந்து வேகத்தையும் கடந்த தூரத்தையும் ராக்கெட் கணக்கிட்டுக் கொள்கிறது. மோட்டார் சைக்கிளின் மணியிலுள்ளது நுட்பத்தில் அதற்கு ஈடாகாது எனினும், அடிப்படைத் தத்துவம் ஒன்றே.

பக்கத் தாங்கியில் 10 பாகை சாய்ந்து நிற்கும் வாகனத்தை எடுத்துக்கொள்வோம். புவியீர்ப்பின் பக்கவாட்டுக் கூறு, முழு ஈர்ப்பில் ஏறத்தாழ 0.17 பங்கு இருக்கும். வாகனத்தை நிமிர்த்தினால் அக்கூறு சுழியாகிவிடும். ஒரே ஒரு பாகை சாய்வு மாறினாலும் ஏறத்தாழ 0.017 பங்கு வேறுபடும். இதனைச் சாதாரண முடுக்கமானியும் உணரும். ஆதலால், வாகனம் நிறுத்தப்பட்ட நிலையை நினைவில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து சாய்வு மாறியதா என்று பார்க்கும் மணியே சிறந்தது.

மழையும் இடியும்

காரணமின்றி ஒலிக்கும் மணி, ஒலிக்காத மணியினும் கேடானது. நான்கு இரவுகள் வீணாக அலறிய மணி ஐந்தாம் இரவு உண்மையாகவே அலறும்போது எவரும் எழுந்து வரமாட்டார். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் முதல் தேதியையொட்டித் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடர்கிறது. ஏப்ரல், மே மாதங்களின் மாலைகளிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடியுடன் கூடிய மழை மிகுதி. இடியோசை, கனத்த மழைத்துளி, கோயில்களில் வெடிக்கும் கதினா, அருகே செல்லும் பேருந்து ஆகிய ஒவ்வொன்றும் அதிர்வை மட்டும் உணரும் மணியை எழுப்பிவிடக்கூடும்.

எனவே வாங்குமுன் மூன்று அம்சங்களைக் கேட்டறிதல் நலம். முதலாவது, உணர்திறனைக் கூட்டவும் குறைக்கவும் வசதி உண்டா? இரண்டாவது, சிறு அதிர்வுக்கு ஓரிரு குறுகிய ஒலிகளை மட்டும் எழுப்பி, அசைவு தொடர்ந்தால் மட்டுமே முழுக் குரலில் ஒலிக்குமா? மூன்றாவது, ஒலி தானாக அடங்குமா? கார்களின் எச்சரிக்கை மணிகளுக்கு ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 97-ஆம் விதி, ஒரு முறை எழும் ஒலி 25 முதல் 30 வினாடி வரை நீடிக்க வேண்டும் என்கிறது. மோட்டார் சைக்கிளுக்கும் இது தக்க அளவே.

ஒலியின் அளவு

விற்பனையாளர் கூறும் டெசிபெல் எண் பெரும்பாலும் ஒரு மீட்டர் தூரத்தில் அளந்ததாகும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபெல் குறையும். ஒரு மீட்டரில் 110 டெசிபெல் தரும் சைரன், 10 மீட்டரில் 90, 100 மீட்டரில் 70 என்னும் அளவுக்கு இறங்கும். எனினும் 70 டெசிபெல்லும் இரவில் குறைந்ததன்று. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளில் பகலுக்கு 55 டெசிபெல்லும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல்லும் வரம்பாகக் குறிப்பிடுகின்றன.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆம் விதி, அடுத்தடுத்து வெவ்வேறு சுரங்களை எழுப்பும் ஹாரனையும், அளவு மீறிக் கடூரமாகவோ அச்சமூட்டும் வகையிலோ ஒலிக்கும் சாதனத்தையும் வாகனங்களில் பொருத்துவதைத் தடை செய்கிறது. ஆகவே ஓட்டத்தின்போது ஒலிக்க இயலாத மணியையே வாங்க வேண்டும். அதனை ஹாரனாக உபயோகிக்கலாகாது.

பாட்டரியின் கணக்கு

பலரும் கவனியாது விடும் அம்சம் இதுவே. மணி காவல் நிற்கும்போதும் சிறிது மின்சாரத்தை உட்கொண்டே இருக்கும். சிறிய மோட்டார் சைக்கிள் ஒன்றின் 12 வோல்ட் பாட்டரி 4 ஆம்பியர் மணி கொள்ளளவு உடையது என்று கொள்வோம். மணி 5 மில்லி ஆம்பியர் இழுத்தால், ஒரு நாளில் 0.12 ஆம்பியர் மணி செலவாகும்; பாட்டரியில் பாதி தீர ஏறத்தாழ 17 நாட்கள் ஆகும். 20 மில்லி ஆம்பியர் இழுக்கும் மலிவான மணியானால் நான்கே நாட்களில் பாதி தீர்ந்துவிடும். ஒரு மில்லி ஆம்பியர் மட்டும் இழுப்பதானால் இரண்டரை மாதத்துக்கு மேல் தாங்கும். பழைய பாட்டரியில் இந்நாட்கள் மேலும் சுருங்கும்.

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை ஆறு விதிகளுக்குப் பின் வந்த மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை எரிபொருளை மின்சாரத்தால் செலுத்துபவை. பாட்டரி முற்றிலும் வற்றினால் அவற்றை உதைத்து இயக்குவதும் கடினம். பத்து நாள் பயணம் சென்று திரும்புபவர் வாகனத்தை நிறுத்திய இடத்திலேயே காண்பார். ஆனால் இயக்க முடியாது. செயற்கைக் கோள் வழியே இருப்பிடத்தைக் கண்டு கைபேசிக்கு அறிவிக்கும் கருவிகளிலும் இக்கணக்கை மறக்கலாகாது. அவை மணியைவிட அதிக மின்சாரம் கொள்பவை. எனவே வாகனம் அசையும் வரை துயிலும் தன்மை அவற்றுக்கு இன்றியமையாதது.

பொருத்தும் முறை

முதலில் பாட்டரியின் எதிர்மின் முனையைக் கழற்றிவிட வேண்டும். எல்லா வேலையும் முடிந்த பின்னரே அதனை மீண்டும் இணைக்க வேண்டும். மணியின் பெட்டியை இருக்கைக்கு அடியில், சட்டத்துடன் உறுதியாகப் பிணைத்தல் நலம். தளர்ந்து ஆடினால் அது தன் ஆட்டத்தையே திருட்டென்று எண்ணி ஒலிக்கும். புகைக்குழாயின் வெப்பம் அதனைத் தாக்கலாகாது. சைரனின் வாய் கீழ்நோக்கி இருந்தால் மழைநீர் தேங்காது.

நேர்மின் கம்பியில், பாட்டரிக்கு மிக அருகிலேயே, தயாரிப்பாளர் குறித்த அளவுள்ள பியூஸ் ஒன்றை வைக்க வேண்டும். தொலைவில் வைத்தால், இடையில் கம்பி உராய்ந்து சட்டத்தைத் தொடும்போது பியூஸ் காக்காது, கம்பி தீப்பற்றக்கூடும். வாகனத்தின் மூலக் கம்பிகளை வெட்டாமல், அம்மாதிரிக்கென்றே செய்த இணைப்பான்கள் கிடைப்பின் அவற்றையே பயன்படுத்துவது மேல். கம்பிகளை முறுக்கி டேப் சுற்றிவிடுவது போதாது. சங்குமுகம், விழிஞ்ஞம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று பட்டு, செம்புக் கம்பிகள் சில காலத்திலேயே பச்சை பூத்துவிடும். இணைப்பை இறுக அழுத்தியோ ஈயம் பற்றவைத்தோ, வெப்பத்தால் சுருங்கும் குழாயால் மூடுதல் வேண்டும். கைப்பிடியை இரு பக்கமும் முழுதும் திருப்பிப் பார்த்து, எக்கம்பியும் இழுபடவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இறுதியாக, மல்டிமீட்டரைப் பாட்டரிக்கும் வாகனத்துக்கும் இடையே தொடராக இணைத்து, மணி காவலில் இருக்கும்போது எவ்வளவு மின்சாரம் செல்கிறது என்று அளக்க வேண்டும். பொருத்துவதற்கு முன்னரும் இவ்வாறே அளந்திருந்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடே மணியின் செலவு.

இயந்திரத்தை நிறுத்தும் இணைப்பு

சில மணிகள் ஒலிப்பதோடு நில்லாமல், ரிலே ஒன்றின் மூலம் இயந்திரம் இயங்காதபடியும் செய்கின்றன. இங்கேதான் மிகுந்த எச்சரிக்கை தேவை. ஓடும் வாகனத்தின் இயந்திரம் திடீரென நின்றால், பின்னால் வரும் லாரியின் முன் ஓட்டுபவர் கதியற்றவராவார். ஆகவே அந்த ரிலே, மின்சாரம் பெறாத நிலையில் இயந்திரத்தை இயங்க விடும்படி அமைய வேண்டும். அப்போது மணி பழுதுற்றாலும் ஓட்டம் தடைப்படாது. சாவி திறந்திருக்கும்போது அந்த ரிலே எக்காரணத்தாலும் இயங்கலாகாது. தொலைவிலிருந்து கைபேசியால் ஓடும் இயந்திரத்தை நிறுத்தும் வசதியை விளம்பரங்கள் புகழ்ந்தாலும், அதனைத் தவிர்ப்பதே விவேகம்.

வாகனத்தின் தீப்பொறி அமைப்பையும் அறிந்திருத்தல் அவசியம். பழைய மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றில் ஒரு கம்பியைச் சட்டத்துடன் இணைத்தால்தான் இயந்திரம் நிற்கும். அக்கம்பியைத் திருடன் அறுத்துவிட்டால் இயந்திரம் இயங்கத் தடையே இராது. பாட்டரியின் மின்சாரத்தால் தீப்பொறி பெறும் வாகனங்களிலோ மின்வரவைத் துண்டித்தால்தான் இயந்திரம் நிற்கும். ஒன்றுக்குரிய இணைப்பை மற்றொன்றுக்குச் செய்தால் காவலும் கிட்டாது, சாதனமும் கெடும். இவ்வேலையை அம்மாதிரி வாகனத்தை நன்கறிந்த மெக்கானிக்கிடம் ஒப்படைப்பது சிறந்தது.

தொலைக் கட்டுப்பாட்டுச் சாவியைப் பற்றியும் ஒரு சொல். ஒவ்வொரு முறையும் ஒரே குறியெண்ணை ஒலிபரப்பும் சாவியானால், அதனை ஒருவர் பதிவு செய்து மீண்டும் ஒலிபரப்பி மணியை அடக்கிவிடலாம். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் குறியெண் மாறும் வகையையே கேட்டு வாங்க வேண்டும். வாகனத்தின் பாட்டரிக் கம்பியை அறுத்தாலும் ஒலிக்குமாறு தனக்கெனச் சிறு பாட்டரி உடைய சைரனும் மேலானதே.

நல்ல பூட்டும், வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள நிறுத்துமிடமும், வீணாக ஒலிக்காத மணியும் ஒன்றுக்கொன்று துணையாவன. பதிவுச் சான்றின் நகலையும் சேசிஸ் எண்ணையும் வீட்டில் குறித்து வைத்திருத்தல், மணியையும் மீறி வாகனம் களவு போயின், காவல் நிலையத்தில் தாமதமின்றி முறையிட உதவும்.